அம்மன்புரத்தில் இறங்கியவள்

நீச்சல் குளத்தின் ஆறாவது லேனுக்கு எதிரே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. சுகிர்தா உட்கார்ந்ததும் அது இடப்பக்கம் சாய்ந்தது, எழுந்து திருப்பிப் போட்டாள், வலப்பக்கம் சாய்ந்தது, சாய்ந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். மூன்று மாதமாக எல்லாவற்றையும் அப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறாள். மடியில் ஒரு அட்டை, அட்டையில் கிளிப் போட்ட தாள், தாளில் பதினைந்து கட்டம், கையில் நூல் கட்டிய பென்சில், காலடியில் மணி. எட்டு லேனுக்கு எட்டு மணி வேண்டும், போட்டி நடத்துகிறவர்களிடம் இருந்தது மூன்று, மீதியை அங்கங்கே இரவல் வாங்கியிருந்தார்கள். நாலாவது லேனுக்குப் பள்ளிக்கூட மணி, இரண்டாவது லேனுக்குப் பலகையில் ஆணியடித்த சைக்கிள் பெல். கிறிஸ்தவ வீட்டுப் பெண்ணான இவளுக்கு வந்தது தலையில் நந்தி உட்கார்ந்திருக்கும் பூஜை மணி. "வேதக்கார வீட்டுப் பிள்ளைக்கு வாச்சதப் பாரு" என்று பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருந்த பரமசிவம் சார் சிரித்தார். அவர் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். லேனுக்கு மூன்று கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் இன்றைக்கு ஆள் தட்டுப்பாட்டில் ஒன்றுதான், அது அவர் கழுத்தில் தொங்கியது. சுகிர்தாவும் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் உதடு தானாக விரிந்துகொள்கிறது, அதுவரைக்கும் நல்லதுதான். வேலை சுலபமானது. குளத்தின் நீளம் ஐம்பது மீட்டர். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் என்றால் அந்தக் கரைக்குப் போய் இந்தக் கரைக்குத் திரும்பி வருவது பதினைந்து நடை. பெண் வந்து சுவரைத் தொடும்போதெல்லாம் ஒரு டிக். பதினாலாவது தடவை தொட வரும்போது மணி. இன்னும் ஒரே ஒரு நடைதான் பாக்கி, மிச்சம் மீதியெல்லாம் இறக்கிவிடு என்று தண்ணீருக்குள் இருப்பவளுக்கு அதுதான் சேதி. பதினைந்துவரை எண்ணத் தெரிந்த யாரும் செய்யலாம். அதனால்தான் ஓய்ந்துபோன நீச்சல்காரர்களுக்கு இந்த வேலையைக் கொடுக்கிறார்கள் என்று சுகிர்தா நினைத்துக்கொண்டாள்.

ஆறாவது லேன்காரி பெயர் இசக்கிப்ரியா. பதினாறு வயசு, தோள் மட்டும் இருபது வயசுக்கு உரியது. விசிலுக்கு முன்னால் இவளிடம் வந்து நின்றாள். "அக்கா, மணிய நல்லாச் சத்தமா அடிங்க. எனக்குக் கண்ணாடிக்குள்ள தண்ணி போயிரும், ஒண்ணுந் தெரியாது. இருபது நிமிஷம் இருபது செகண்டுக்குள்ள முடிச்சா மாநிலக் கேம்ப்புக்குக் கூப்பிடுவாவளாம். போன மாசம் இருபது முப்பது வந்துட்டு." சுகிர்தா "அடிக்கேன்" என்றாள். அப்புறம் நீண்ட விசில், எட்டுப் பேரும் மேடையில் ஏறிக் குனிந்தார்கள், ஹாரன் ஊதியது, எட்டுப் பேரும் விழுந்தார்கள், தெறித்த தண்ணீர் இவள் பாதத்தில் பட்டது. சில்லென்று இருக்கும் என்று தெரியும். இருக்கவில்லை. அப்பா இறந்ததிலிருந்து இப்படித்தான், சுடு தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் ஒன்றுபோல் வந்து ஒன்றுபோல் வழிந்து போகிறது. இசக்கிப்ரியா போய்த் திரும்பி வந்து சுவரில் காலை உதைத்தாள், ஒன்று. டிக். வி.எம்.சத்திரம் என்றது மனசு. சும்மா இரு என்று அதை அதட்டினாள். அது கேட்கவில்லை, அடுத்த முறை கிருஷ்ணாபுரம் என்றது, அதற்கடுத்து செய்துங்கநல்லூர். அப்பா தங்கதுரை கண்டக்டர். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் இருபத்தாறு வருஷம். நீந்தும்போது எண்ணிக்கை தப்பாமலிருக்க அவர் கண்டுபிடித்துக் கொடுத்த வழி அது: ஒரு நடைக்கு ஒரு நிறுத்தம். வெறும் எண் தண்ணீரில் கரைந்துவிடும், ஏழா எட்டா என்று குழம்பும். ஆழ்வார்திருநகரியையும் தென்திருப்பேரையையும் யாராவது குழப்புவார்களா? பதிமூன்று குரும்பூர், பதினாலு அம்மன்புரம், பதினைந்து திருச்செந்தூர், கடல், இறங்கிவிடலாம். கண்டக்டர் மகள் நிறுத்தம் தவற மாட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் சொன்னது சரி, ஒரு தடவைகூட அவள் தவறவிட்டதில்லை. அந்த நாக்பூரில்கூட.

நாலு. கருங்குளம். நாக்பூரை நினைக்கக் கூடாது. தாளைப் பார், பென்சிலைப் பார், அந்தப் பெண்ணின் கையைப் பார். நல்ல கைதான், முழங்கை உயர்ந்து எழுகிறது, வலது கை மட்டும் கொஞ்சம் குறுக்கே வெட்டுகிறது, ஆயிரம் மீட்டருக்கு மேல் அது தோளைப் பிடுங்கும், யாராவது சொல்லியிருக்க வேண்டும். சுகிர்தாவுக்கு அந்தத் தோள் வலி எப்படியிருக்கும் என்று தெரியும். தெரியும் என்பது மட்டும்தான், நினைவில் அதற்குப் பெயர் இருக்கிறது, வலி இல்லை. அப்பாவைக் கல்லறையில் இறக்கியபோதும் இப்படித்தான் நின்றாள். அத்தை ஒருத்தி இவளைப் பிடித்து உலுக்கி, அழுதிரு தாயி, அழாம இருந்தா நெஞ்சு வெடிச்சிரும் என்றாள். வெடிக்கவில்லை. மறுநாள் இட்லி சாப்பிட்டாள். பத்தாம் நாள் ரயில்வே ஆபீசுக்குப் போய்த் தன் மேசையில் உட்கார்ந்து விடுப்பு விண்ணப்பங்களை அடுக்கினாள். ஐந்து, புதுக்குடி, டிக். முப்பதாம் நாள் ஜெபக்கூட்டத்தில்தான் அந்தப் பேப்பரை எடுத்தார்கள். கண்டக்டர் பைக்குள், பாலிதீன் உறைக்குள், நாலாக மடித்த செய்தித்தாள் துண்டு. "மணியால் பறிபோன பதக்கம்." பாஸ்டர் அதை வாசித்தார். அண்ணன் தங்கதுரை தம் மகளுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக்கூட ஆண்டவரிடம் ஒப்படைத்தவர் என்று ஜெபித்தார். எல்லாரும் திரும்பி இவளைப் பார்த்தார்கள். பந்தலுக்குக் கீழே நூற்றைம்பது பேர் இருப்பார்கள், எல்லார் முகத்திலும் இரக்கம். சுகிர்தா தலையைக் குனிந்துகொண்டாள். பணிவு என்று நினைத்திருப்பார்கள். ஆறு. யாரோ "கமான் கமான்" என்று கத்துகிறார்கள். நாலாவது லேன் பெண் முன்னால் போய்விட்டாள், அவளுக்கும் இசக்கிப்ரியாவுக்கும் இடையில் நாற்பது ஐம்பது மீட்டர் தண்ணீர்.

அப்பா அந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். டிக்கெட் கொடுத்துவிட்டு மீதிச் சில்லறையைத் தேடும் நேரத்தில் ஆரம்பித்துவிடுவார், செய்துங்கநல்லூரில் ஏறியவர் ஸ்ரீவைகுண்டத்தில் இறங்குவதற்குள் கதை முடிந்திருக்கும். 'எம்புள்ள நேஷனல்ல மூணாவதா வந்துகிட்டிருக்கா. பதிமூணு முடிச்சிருக்கா, இன்னும் ரெண்டு நடை இருக்கு. அப்பம் பக்கத்து லேன்காரிக்கு மணி அடிச்சானுவ. தண்ணிக்குள்ள இருக்கவளுக்கு எந்த மணின்னு எப்படிய்யா தெரியும்? தனக்குன்னு நெனச்சி ஒரு நடைல எல்லாத்தையும் குடுத்துட்டு, தொட்டுட்டு நின்னுட்டா. இன்னொண்ணு இருக்கு போ போன்னு மேல கத்துதானுவ. பெறகு போயி என்னத்துக்கு? அஞ்சாவது.' கேட்டவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஒருமுறை ஒரு அம்மாள் இறங்கும்போது இரண்டு முறுக்கை அப்பாவிடம் கொடுத்து, உங்க மகளுக்குக் குடுங்க என்றாளாம். அதையும் சுகிர்தா தின்றாள். ஏழு. தின்றதற்கெல்லாம் கணக்கு வைத்தால் முறுக்கில் நிற்காது. நாக்பூரில் விடுதி அறைக்கு ஒரு மனிதர் வந்தார், வர்கீஸ் என்று பெயர், ஏதோ பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார், அந்தப் பக்கத்து லேனுக்கு மணியடித்தவர். கையில் ஒரு பை ஆரஞ்சு. கதவருகிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. தமிழும் மலையாளமுமாக, சாரி மோளே, நான் சரியான சமயத்துக்குத்தான் அடிச்சேன், ஆனாலும் உன் காதுல விழுந்துருச்சே என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர்மேல் புகார் எழுதியாகிவிட்டது, இவளும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தாள், இரண்டு வருஷம் அவரைப் போட்டிகளுக்குக் கூப்பிடவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டாள். சரியாக எண்ணி, சரியான நேரத்தில், சரியான பெண்ணுக்கு மணியடித்த மனிதர். ஆரஞ்சு இனிப்பாக இருந்தது. ஊர் திரும்பும் ரயிலில் ஒவ்வொன்றாக உரித்துத் தின்று, தோலை ஜன்னல் வழியாகப் போட்டுக்கொண்டே வந்தாள்.

எட்டு, தென்திருப்பேரை. வெயில் ஏறிவிட்டது, குளத்து நீர் கண்ணைக் குத்துகிறது, குளோரின் வாடை. இந்த வாடைக்கு ஒரு காலத்தில் வயிற்றைப் பிரட்டும், காலை நாலரைக்கு எழுந்து வெறும் வயிற்றோடு குதித்த பத்து வருஷத்து வாடை. பள்ளிக்கூடத்தில் தலைமுடி செம்பட்டையாகி வெள்ளைக்காரி என்று பெயர். மழையில் நீந்தினாள், காய்ச்சலில் நீந்தினாள், மாநிலத்தில் நாலு தங்கம், அதில்தான் ரயில்வே வேலை. நாக்பூர் பதக்கம் இல்லாமலே வேலை கிடைத்தது என்பதுதான் வேடிக்கை. அப்படியானால் அது எதைக் கெடுத்தது? ஒன்றையும் கெடுக்கவில்லை. பதினெட்டு வயசில் ஒரு பெண் ஒரு போட்டியில் ஐந்தாவதாக வந்தாள், அவ்வளவுதான். அதன்பிறகு நீந்தவில்லை, அதற்கும் மணியைக் காரணம் சொன்னார்கள், பிள்ளை மனசு ஒடைஞ்சிட்டு என்றார்கள். ஒன்பது. நாற்காலி சாய்கிறது. ஆனால் மணி குழப்பவில்லையே. இதோ, பத்தொன்பது வருஷமாகச் சுற்றிச் சுற்றி வந்து இந்த இடத்தில்தான் இடிக்கிறது. குழப்பவில்லை. பக்கத்து லேன் மணி கேட்டது. கேட்ட அந்தக் கணத்தில் அவள் குரும்பூரில் இருந்தாள். பஸ் குரும்பூரில் நிற்கிறது, பூக்காரி ஜன்னலருகே வருகிறாள், அப்பா விசிலை வாயில் வைத்திருக்கிறார், எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் அம்மன்புரம், அப்புறம் திருச்செந்தூர், இரண்டு. தோளில் உயிர் இல்லை, தொடையில் உயிர் இல்லை, வாய்க்குள் இரும்பு ருசி. முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒருத்தி இவள் பாதத்தைத் தொடுகிற மாதிரி வருகிறாள், அவள் தாண்டிவிடுவாள், இன்னும் நூறு மீட்டரில் தாண்டிவிடுவாள், நாலாவது என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். அப்போதுதான் அந்த மணி. அடடா, இது எவ்வளவு நல்ல மணி என்றுதான் தோன்றியது. இது எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டால் யார் என்ன சொல்ல முடியும்? ஒரு நடை, முழு மூச்சாக, சாகிற மாதிரி நீந்தினாள். அம்மன்புரத்தில் சுவரைத் தொட்டு இறங்கிவிட்டாள். மேலே கத்தினார்கள். ஆச்சரியப்பட்ட முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த முகத்தை அன்றைக்கு வைத்தவள் அப்புறம் கழற்றவேயில்லை.

பத்து. பதினொன்று. யாரிடமாவது சொல்லியிருக்கலாம். கணவனிடம் சொல்ல நினைத்த ஒரு மழைநாள் உண்டு, அவர் குடையைத் தேடிக்கொண்டிருந்தார், சொல்லவில்லை. அப்பாவிடம் ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கலாம். மூக்கில் குழாய், கையில் ஊசி, நர்ஸ் வந்ததும் அவர், இவதான் எம்மக, நேஷனல் நீச்சல்காரி, மணி அடிச்சிக் கெடுத்துப்புட்டானுவ என்று மூச்சு வாங்க ஆரம்பித்தார். சும்மா இருங்கப்பா என்றாள். அவளுக்கு அதப் பேசுனாலே தாங்காது என்று அவர் நர்ஸிடம் கண்ணைச் சிமிட்டினார். அந்த மனிதர் வாழ்க்கையில் ஒருவரையும் வெறுத்ததில்லை, டிக்கெட் எடுக்காதவனைக்கூட இறக்கிவிடும்போது பார்த்துப் போடே என்பார். முகமறியாத அந்த வர்கீஸ் ஒருவரை மட்டும் வெறுத்துக்கொண்டே செத்துப்போனார். அதைச் செய்தது யார்? நான்தான் அப்பா, எனக்குக் குரும்பூர் தெரிஞ்சிது என்று ஒரு வாக்கியம். அவர் சிரித்திருப்பார். அல்லது சிரித்திருக்க மாட்டார். இனி இரண்டுமில்லை. தண்ணீர் ஓசை. சுவரில் கால் உதைக்கிற ஓசை. சுகிர்தா தாளைப் பார்த்தாள். பன்னிரண்டாவது கட்டத்தில் டிக் இருந்தது. இது இப்போது போட்டதா? போன தடவை போட்டதா? இப்போதுதானே உதைத்துவிட்டுப் போனாள். கை தானாகப் போட்டிருக்குமா? வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைக்கு வந்ததும் பூட்டினோமா என்று வருமே, அந்தச் சந்தேகம். பூட்டியது ஞாபகமிருக்கிறது, ஆனால் அது இன்றைய ஞாபகமா, நேற்றைய ஞாபகமா? பென்சில் நுனி தாளுக்குமேல் நின்றது. நிறுத்தத்தைக் கேட்டாள். பஸ் எங்கே நிற்கிறது என்று முதல்முறையாகத் தெரியவில்லை. அப்பா இல்லாத பஸ். வெறும் வயல்காடு, ஜன்னலுக்கு வெளியே பெயரில்லாத வயல்காடு. பதின்மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக் போட்டாள்.

பக்கத்தில் பரமசிவம் சார் இருக்கிறார். நேரம் எவ்வளவு சார் என்று கேட்டால் போதும். இந்தப் பெண் ஒரு நடைக்கு எண்பது செகண்டு எடுக்கிறாள், வகுத்துப் பார்த்தால் எத்தனை நடை என்று வந்துவிடும், இது ஒரு கணக்கே இல்லை. கேட்கவில்லை. கேட்டால் அவர் திரும்பி, என்னம்மா எண்ணாம என்ன பண்ணுத என்பார், அந்த அளவு பேச்சுக்கூட வேண்டாம் என்றிருந்தது. அதற்குள் நாலாவது லேனில் பள்ளிக்கூட மணி கணகணவென்று அடித்தது, நின்றது. ஐந்தாவது லேனில் அடித்தது. அந்தக் கரையிலிருந்து இசக்கிப்ரியா வந்துகொண்டிருந்தாள், வலது கை இப்போது ரொம்பக் குறுக்கே வெட்டியது, மூச்சுக்குத் தலையைத் திருப்பும்போது வாய் கோணியது, ஐயோ இவளுக்கு வலிக்கிறது, இவளுக்கு முடியட்டும். பதினாலாவது இதுவா, அடுத்ததா? இதுவாகத்தான் இருக்கும். இல்லையென்று உள்ளே எதுவோ சொன்னது, சன்னமாக, ஆனால் தெளிவாக. சுற்றிலும் மணி அடிக்கிறது. முடிந்தால் போதும். அவளுக்கும் போதும், எனக்கும் போதும், இந்த நாற்காலியிலிருந்து எழுந்து போகலாம். சுகிர்தா குனிந்து மணியை எடுத்தாள். சத்தமாக அடிங்க என்று கேட்டிருந்தாளே, தண்ணீர்மட்டத்துக்குக் கையை இறக்கி, சத்தமாக அடித்தாள். இசக்கிப்ரியா சுவரருகே வந்து, ஒரு நொடி, நீச்சலில் ஒரு நொடி என்பது ரொம்ப நீளம், தலையை நிமிர்த்தி மணியைப் பார்த்தாள். பிறகு புரண்டு உதைத்துக்கொண்டு போனாள். அவள் வேகத்தைக் கூட்டவில்லை. அதே எண்பது செகண்டு நடை. அதைப் பார்த்ததுமே சுகிர்தாவுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லப்போனால் மணியை எடுக்கும்போதே தெரியும்.

திரும்பி வந்தாள். பரமசிவம் சார் எழுந்து விளிம்பில் குனிந்து நின்றார், சுவரைத் தொட்டதும் பட்டனை அமுக்கினார். இசக்கிப்ரியா நிற்கவில்லை. புரண்டாள், உதைத்தாள், போய்க்கொண்டேயிருந்தாள். "ஏட்டி, நில்லு, முடிஞ்சிட்டு!" என்று சார் கத்தினார். அவளுக்குக் கேட்டிருக்காது. சார் சிரித்தபடி நாற்காலியில் உட்கார்ந்து, "மணியே கேக்கல போலுக்கு. சும்மா நீந்திகிட்டுப் போறா பாரு. எம்மா, இங்க பாரேன், பதினெட்டு நாப்பத்தாறு! இருபது இருபதுன்னுல்லா சொன்னா, ஒண்ணரை நிமிஷம் முந்தி வந்துட்டா!" என்று கடிகாரத்தை நீட்டினார். சுகிர்தா அதைப் பார்த்தாள். எண்கள் அசையாமல் நின்றன. எட்டாவது லேன் பெண் இன்னும் நீந்திக்கொண்டிருந்தாள், அதே ஹாரனுக்கு ஓட ஆரம்பித்த அந்த லேன் கடிகாரமும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது வாயைத் திறந்து, சார், ஒரு நடை பாக்கி, அந்த வாட்ச்சைப் பார்க்கச் சொல்லுங்க என்றால் இந்தப் பெண்ணின் நேரம் நேராகிவிடும். எட்டே எட்டு வார்த்தை. சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. நாக்பூர் சுவரில் ஆச்சரியப்பட்ட முகத்தோடு தொங்கிக்கொண்டிருந்தபோதும் தெரிந்ததுதான். சொல்லாவிட்டால் என்ன, பதினெட்டு நாற்பத்தாறு, கேம்ப்புக்குப் போவாள், யாருக்கு நஷ்டம், ஒருவரும் கேட்க மாட்டார்கள், தாளில் பதினைந்து டிக் இருக்கிறது. இசக்கிப்ரியா அந்தக் கரையைத் தொட்டுத் திரும்பினாள். கடைசி ஐம்பது. இப்போதுதான் காலை அடித்தாள், தண்ணீர் பின்னால் வெள்ளையாக எழும்பியது, உடம்பில் இருந்ததையெல்லாம் இறக்கிக்கொண்டு வந்தாள். யாரும் எண்ணாத நடையை இப்படி நீந்துகிறாளே. சொல், சொல். எட்டாவது லேன்காரி சுவரைத் தொட்டாள், கடைசியாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரமும் நின்றது. அதற்குப் பிறகு இசக்கிப்ரியா வந்து தொட்டாள்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, லேன் கயிற்றில் தொங்கிக்கொண்டு, மூச்சு வாங்க, "எவ்வளவு சார்?" என்றாள்.

"பதினெட்டு நாப்பத்தாறு! பெறவு சும்மா ஒரு நடை நீந்திட்டு வார. மணி கேக்கலியாட்டி?"

"கேட்டுச்சு."

"பெறவு?"

"எனக்குப் பதிமூணுதான சார் ஆயிருந்து. பதினெட்டு எப்படி வரும்? நான் பத்தொம்பதே பாத்ததில்லியே." அவள் முகத்தில் சந்தோஷம் ஒரு கணம் வந்து, நிற்க இடமில்லாமல் போய்விட்டது. "பதினாலுலல்லா நிறுத்திட்டிய."

"நீ தப்பா எண்ணியிருப்பட்டி. தண்ணிக்குள்ள எண்ணிக்க தப்பும். இந்தா இந்த அக்காகிட்டக் கேளு, நேஷனல் போனவ, அவளுக்கே மணி குழம்பி மெடல் போயிருக்கு. பேப்பர்லல்லாம் வந்துச்சு. நீ எம்மாத்திரம்?"

அப்பாவின் கதை அவர் வாயிலிருந்து அவ்வளவு இயல்பாக வந்தது. இசக்கிப்ரியா சுகிர்தாவைப் பார்த்தாள். சுத்தமாக எண்ணியிருந்த பெண், இப்போது அவள் கண்ணில் சந்தேகம் ஏறிக்கொண்டிருந்தது. நான்தான் தப்பாக எண்ணிவிட்டேனோ என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்வதை சுகிர்தா பார்த்தாள். பார்க்கப் பார்க்க நெஞ்சுக்குள் எதுவோ வலித்தது. வலிதான், பெயர் மட்டுமில்லை. மூன்று மாதத்தில் முதல்முறையாக எங்கோ ஒரு இடத்தில் வலித்தது.

"பதினஞ்சாக்கா?" என்றாள் அந்தப் பெண். "நெசமாவா?"

"இல்ல," என்றாள் சுகிர்தா. "நீ எண்ணுனதுதான் சரி. நான் ஒண்ணு முந்தி அடிச்சிட்டேன்."

பரமசிவம் சார் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். "பதினஞ்சு டிக் இருக்கே?"

"பன்னெண்டுல ரெண்டு போட்டேன் சார். சந்தேகமா இருந்துச்சு. உங்ககிட்ட டைம் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும், கேக்கல. தப்புன்னு தெரிஞ்சேதான் அடிச்சேன். அவ திரும்பிப் போகும்போது எட்டாவது லேன் வாட்ச் ஓடிகிட்டு இருந்துச்சு, அப்பமும் சொல்லல." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை. "எனக்கும் மணி குழம்பல சார். அந்தப் பேப்பர்ல வந்தது பொய். எனக்கும் பதிமூணுன்னு தெரியும். முடியல, நின்னுட்டேன்."

சார் கழுத்துக் கடிகாரத்தைக் கையில் எடுத்து, அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ரெஃப்ரி கிருபாகரன் என்ன கூட்டம் என்று கேட்டபடி வந்தார், அவரிடமும் சுகிர்தா முதலிலிருந்து சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இல்லை. அவர் கேட்டுக்கொண்டு, நெற்றியைச் சொறிந்து, பேனாவை எடுத்தார். "சரிம்மா, மனுசத் தப்புதான். தவறுதலா மணியடிக்கப்பட்டதுன்னு எழுதிக்கிடுதேன்."

"தவறுதலா இல்ல சார்."

"அப்படில்லாம் ரிப்போர்ட்ல எழுத முடியாதும்மா. ஒனக்குத்தான் கஷ்டம், இனிமே இந்தப் பக்கம் கூப்பிட மாட்டாவ."

"எழுதுங்க."

அவர் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார். எழுதினாரா இல்லையா தெரியவில்லை, பேனா தாளில் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. பிறகு தண்ணீரில் இருந்தவளிடம் குனிந்தார். "பாரும்மா, ஒன் நேரம் எங்கயும் பதிவாகல. கைல வாட்ச் இல்லாம நான் ஒண்ணும் குடுக்க முடியாது. சாயந்தரம் மூணு மணிக்குத் தனியா நீந்த விடுதேன். திரும்ப ஆயிரத்தி ஐநூறு. முடியுமா?"

இசக்கிப்ரியா கயிற்றைவிட்டுச் சுவருக்கு வந்தாள். கையை ஊன்றி மேலே ஏறப் பார்த்தாள், தோள் தாங்கவில்லை, வழுக்கித் தண்ணீருக்குள் போனாள். இரண்டாம் தடவை ஏறினாள். குளத்து விளிம்பில் உட்கார்ந்தாள். சுகிர்தா துண்டை நீட்டினாள். அவள் வாங்கிக்கொண்டாள், ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மணி கேட்டதும் நின்னுரலாமான்னுதான் நெனச்சேன்," என்றாள் தண்ணீரைப் பார்த்தபடி, யாரிடம் சொல்கிறோம் என்றில்லாமல். "ரொம்ப ஆசயா இருந்துச்சு."

சுகிர்தா அங்கேயே நின்றாள். ஈரத் தரையின் குளிர் உள்ளங்காலில் ஏறியது.

இசக்கிப்ரியா தலையைத் துவட்டி முடித்தாள். துண்டை மடித்தாள். பிறகு ரெஃப்ரியைப் பார்த்து, "நீந்துதேன் சார்," என்றாள். "யாரு எண்ணுவா?"